‘கணினி கண்டுபிடித்தது’ என்று சொல்லி முடித்துவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான, சொலிடான் அலைகளை, அதாவது வடிவம் கலையாமல் நெடுந்தூரம் ஓடும் ஒற்றை அலைகளைப் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1834 ஆகஸ்டில் எடின்பரோவுக்கு அருகே யூனியன் கால்வாயில் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் குதிரைமேல் துரத்திச் சென்ற ஒற்றை அலை, 1895-இல் கோர்ட்டவெக்கும் டி வ்ரீஸும் அத்தகைய அலைக்கு எழுதிய சமன்பாடு, 1965-இல் ஸபுஸ்கியும் க்ருஸ்கலும் அதே சமன்பாட்டில் சொலிடான்களைக் கண்டது என்ற வரிசையைக் கட்டுரையாளர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் கதையின் மையப் பகுதிக்கு வந்ததும், கணினி அந்தச் சமன்பாட்டைத் தீர்த்துச் சொலிடானைக் கண்டுபிடித்தது என்று ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். சமன்பாடுகளுக்கு எண்களைக் கொண்டு தோராய விடை காணும் எண்ணியல் பகுப்பாய்வைக் கல்லூரியில் நீண்ட காலம் கற்பித்தவன் என்ற முறையில், அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு உழைப்பையும் எவ்வளவு ஐயத்தையும் மறைத்துவிடுகிறது என்பதை எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், கணினி எந்த அலைச் சமன்பாட்டையும் தீர்ப்பதில்லை. அதற்குத் தெரிந்தவை கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டுமே. கோர்ட்டவெக்–டி வ்ரீஸ் சமன்பாட்டில் மூன்று உறுப்புகள் உள்ளன: ஒன்று, அலையின் உயரம் காலத்தோடு மாறும் வீதம், மற்றொன்று, உயரத்தையும் சரிவையும் பெருக்கி வருவது, மூன்றாவது, இடத்தைப் பொறுத்த மூன்றாம் வகைக்கெழு, அதாவது சரிவு மாறும் வீதமும் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பது. இரண்டாவது உறுப்பால் அலையின் உயர்ந்த பகுதி தாழ்ந்த பகுதியைவிட வேகமாக ஓடி, முன்பக்கம் செங்குத்தாகிக்கொண்டே வருகிறது. மூன்றாவது உறுப்பால் வெவ்வேறு நீளமுள்ள அலைகள் வெவ்வேறு வேகத்தில் பிரிந்து, செங்குத்து உருவாகாமல் பரவிவிடுகின்றன. இவற்றைக் கணினிக்குக் கொடுக்க வேண்டுமானால், தொடர்ச்சியான அலையைச் சில நூறு புள்ளிகளில் உள்ள எண்களாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு வகைக்கெழுவையும் அண்டைப் புள்ளிகளின் வேறுபாடாக மாற்ற வேண்டும். காலத்தையும் சிறு சிறு அடிகளாகத் துண்டாட்ட வேண்டும். அப்படிச் செய்த பிறகு நம் கையில் இருப்பது 1895-ஆம் ஆண்டின் சமன்பாடு அல்ல, அதற்குப் பதிலாக நாம் வைத்த வேறொன்று. அந்தப் பதிலி எந்தெந்த விதத்தில் மூலத்தைப் போல நடக்கும், எந்த விதத்தில் நடக்காது என்பதை ஆராய்வதுதான் எண்ணியல் முறைகளின் முழுப் பணி.

கட்டுரையில் முற்றிலும் விடுபட்டுப்போன ஒரு பெயரிலிருந்து தொடங்குகிறேன். கணினியில் சொலிடானின் கதை 1965-இல் தொடங்கவில்லை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், மேனியாக் என்ற கணினியில், 1950-களின் முற்பகுதியில் தொடங்கியது. என்ரிக்கோ ஃபெர்மி, ஜான் பாஸ்டா, ஸ்டானிஸ்லாவ் உலாம் ஆகிய மூவரும், வில்சுருள்களால் இணைக்கப்பட்ட புள்ளித் துகள்களின் வரிசை ஒன்றை எடுத்துக்கொண்டு, வில்சுருளின் விசையில் நேரியல் அல்லாத, அதாவது நீட்சிக்கு நேர்விகிதத்தில் அமையாத, சிறிய உறுப்பு ஒன்றைச் சேர்த்தால் ஆற்றல் எப்படிப் பரவும் என்று பார்க்க விரும்பினர். முதல் அதிர்வுப் பாங்கில் (வரிசை முழுவதும் ஒன்றாக அதிரும் வடிவங்களில் முதலாவதில்) கொடுத்த ஆற்றல் நாளடைவில் எல்லாப் பாங்குகளுக்கும் சமமாகப் பங்கிடப்படும் என்பது எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு: ஆற்றல் சில பாங்குகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, ஒரு கட்டத்தில் ஏறத்தாழ முழுவதுமாக முதல் பாங்குக்கே திரும்பிவிட்டது. ஃபெர்மி 1954 நவம்பரில் மறைந்தார். அறிக்கை 1955 மே மாதத் தேதியிட்டு வெளியானது. அந்தக் கணக்குக்கு நிரல் எழுதி, மேனியாக்கில் ஓட்டியவர் மேரி சிங்கு என்ற இளம் பெண். அறிக்கையின் அடிக்குறிப்பில் அவருக்கு நன்றி சொல்லப்பட்டதோடு சரி. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் அது மூவரின் பெயரால் மட்டுமே வழங்கிவந்தது. 2008-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் தியரி டோஷ்வா எழுதிய கட்டுரைக்குப் பிறகே நான்காவது பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் பரவியது.

இதை மரியாதை சார்ந்த விஷயமாக மட்டும் நான் கருதவில்லை. உயர்நிலை மொழிகள் பரவாத காலத்தில், சில ஆயிரம் எண்களுக்குள் அடங்கும் நினைவகத்தில், ஒரு சமன்பாட்டை வேறுபாட்டுச் சூத்திரமாக்கி, ஒவ்வொரு கட்டளையாக எழுதி, வந்த விடை இயற்பியலா நிரல் பிழையா என்று பிரித்தறிவது தனி அறிவுத்திறன். மேரி சிங்கு திருமணத்துக்குப் பின் எம். டி. மென்ஸல் என்ற பெயரில், ஜேம்ஸ் டக்குடன் சேர்ந்து 1972-இல் அதே கணக்கை மேலும் நீண்ட காலத்துக்கு ஓட்டி, ஆற்றல் இன்னும் துல்லியமாகத் திரும்பிவரும் ஒரு பெருஞ்சுழற்சியும் உண்டு என்று காட்டியிருக்கிறார். அந்த மென்ஸலும் அடிக்குறிப்பில் வந்த சிங்குவும் ஒருவரே என்பதைப் பலர் கவனிக்கவில்லை. கட்டுரையாளரும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டார் என்பதில் எனக்குச் சற்று வருத்தமே.

இனி 1965-க்கு வருவோம். அந்த வில்சுருள் வரிசையில் புள்ளிகளை மேலும் மேலும் நெருக்கிக்கொண்டே போனால் கோர்ட்டவெக்–டி வ்ரீஸ் சமன்பாடு கிடைக்கிறது என்பதை ஸபுஸ்கியும் க்ருஸ்கலும் கண்டனர். நீளம் 2 கொண்ட ஒரு வட்டப் பாதையில், ஒற்றைக் கொசைன் அலையைத் தொடக்கமாக வைத்து, மூன்றாம் வகைக்கெழுவின் கெழுவை 0.022-இன் வர்க்கமாகக் கொண்டு கணக்கிட்டனர். அந்த உறுப்பே இல்லாதிருந்தால், பை என்ற எண்ணின் தலைகீழியான ஏறக்குறைய 0.318 என்ற நேரத்தில் அலையின் முன்பக்கம் செங்குத்தாகிச் சமன்பாடு உடைந்துபோயிருக்கும். அந்த உறுப்பு இருந்ததால், செங்குத்தாகத் தொடங்கிய இடத்தின் அருகே சிறு நெளிவுகள் தோன்றி, ஒவ்வொரு நெளிவும் தனித்தனி மேடாக வளர்ந்து, எட்டு சொலிடான்களாகப் பிரிந்தன. உயரமானது வேகமாக ஓடிக் குட்டையானதைப் பிடித்து, அதனுடன் கலந்து, பிறகு இரண்டும் தத்தம் வடிவத்தோடு வெளிவந்தன. இருந்த இடத்தில் சிறு நகர்வு மட்டுமே மிச்சம். உடைந்திருக்கக்கூடிய நேரத்தைப்போல 30.4 மடங்கு நேரம் கழிந்தபோது, தொடக்கத்துக் கொசைன் அலை ஏறத்தாழ அப்படியே திரும்பி வந்தது. லாஸ் அலமோஸ் புதிருக்கான விடை அதில் இருந்தது.

கட்டுரை தவறவிட்ட முக்கியமான இடம் இதுதான். செங்குத்தான ஓர் அலைமுகத்துக்குப் பின்னால் நெளிவுகள் தோன்றினால், அனுபவமுள்ள எந்த எண்ணியல் கணக்காளரும் அவற்றை முதலில் நம்ப மாட்டார். இருபக்க அண்டைப் புள்ளிகளையும் வைத்துச் சரிவைக் கணக்கிடும் மைய வேறுபாட்டுச் சூத்திரங்கள் அத்தகைய இடங்களில் பொய்யான நெளிவுகளைத் தாமாகவே உண்டாக்கும் என்பது அன்றைக்கே தெரிந்த செய்தி. 1944-இல் ஜான் வான் நாய்மன் அதிர்ச்சி அலைகளைக் கணக்கிட முன்வைத்த முறையிலும் இதே நெளிவுகள் வந்தன; அவற்றை அவர் வெப்ப ஆற்றலின் உருவமாகப் பொருள்கொள்ள முயன்றார், அந்த விளக்கம் நிற்கவில்லை. 1950-இல் அவரும் ராபர்ட் ரிக்ட்மயரும், சமன்பாட்டில் செயற்கையாகப் பாகுநிலையை (எண்ணெயின் பிசுப்பைப் போல அசைவைத் தணிக்கும் தன்மையை) சேர்த்து நெளிவுகளை அடக்கும் வழியை வெளியிட்டனர். ஆக, 1965-இல் திரையில் தெரிந்த காட்சி, பார்வைக்கு, கெட்டுப்போன ஒரு கணக்கின் காட்சியைப் போன்றதே. அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லத் துணிவதற்கு, அந்த நெளிவுகள் சமன்பாட்டுக்கு உரியவை, வெட்டிய புள்ளிகளுக்கு உரியவை அல்ல என்ற உறுதி வேண்டும்.

அந்த உறுதி எப்படி வரும்? பொய் நெளிவின் நீளம் புள்ளிகளின் இடைவெளியைப் பொறுத்தது. இடைவெளியைப் பாதியாக்கினால் நெளிவும் சுருங்கும். உண்மையான நெளிவின் அகலமோ சமன்பாட்டின் கெழுவால் நிர்ணயிக்கப்பட்டது. இடைவெளியை எவ்வளவு குறைத்தாலும் அது அசையாது. ஆனால் இந்தச் சோதனை மலிவானதன்று. ஸபுஸ்கியும் க்ருஸ்கலும் பயன்படுத்தியது லீப்ஃப்ராக் என்னும் முறை; அதாவது, முந்தைய நேரத்து மதிப்பிலிருந்து நடு நேரத்தைத் தாண்டி அடுத்த நேரத்துக்குச் செல்லும் முறை. மூன்றாம் வகைக்கெழு இருப்பதால், கணக்கு வெடித்துச் சிதறாமல் இருக்க வேண்டுமானால், கால அடி, புள்ளிகளின் இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பச் சிறிதாக இருக்க வேண்டும். இடைவெளியைப் பாதியாக்கினால் புள்ளிகள் இரு மடங்கு, கால அடிகள் எட்டு மடங்கு, மொத்த வேலை 16 மடங்கு. 256 புள்ளிகள் வைத்துக்கொண்டு அந்தக் கொசைன் அலை திரும்பிவரும் வரை கணக்கிட, நானே கணித்துப் பார்த்த வகையில், 25,000-க்கும் மேற்பட்ட அடிகள் தேவை. இன்றைய மடிக்கணினிக்கு இது சில நொடி வேலை. 1965-இல் அப்படியல்ல.

அவர்களது சூத்திரத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது அதுதான். உயரத்தையும் சரிவையும் பெருக்க வேண்டிய இடத்தில், உயரத்துக்கு ஒரே புள்ளியின் மதிப்பை எடுக்காமல், அந்தப் புள்ளி, அதன் இடப்பக்கப் புள்ளி, வலப்பக்கப் புள்ளி ஆகிய மூன்றின் சராசரியை எடுத்தனர். மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு இது கணக்கை வழவழப்பாக்கும் ஏற்பாடாகத் தோன்றும். காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் உண்மை வேறு. மூன்றின் சராசரியைப் போட்டால், எல்லாப் புள்ளிகளின் கூட்டுத்தொகையில் இந்த உறுப்பின் பங்களிப்பு ஒன்றையொன்று நீக்கிப் பூச்சியமாகிறது. வர்க்கங்களின் கூட்டுத்தொகையிலும் அப்படியே பூச்சியமாகிறது. அதாவது, மூலச் சமன்பாட்டில் மாறாமல் இருக்கும் உந்தமும் ஆற்றலும் பதிலிச் சமன்பாட்டிலும் கசிவதில்லை. ஆற்றலில் மிஞ்சும் சிறு பிழை காலத்தைத் துண்டாட்டியதால் வருவது மட்டுமே. ஒரே புள்ளியின் மதிப்பை வைத்திருந்தால், ஆற்றல் இல்லாத இடத்திலிருந்து ஊறிப் பெருகும் ஆபத்து உண்டு. இந்த நோயை வானிலைக் கணக்குகளில் 1959-இல் நார்மன் பிலிப்ஸ் அடையாளம் காட்டினார். அதற்கு, ஆற்றலைக் காக்கும் வேறுபாட்டுச் சூத்திரங்களை 1966-இல் அகியோ அரகாவா வெளியிட்டார். வானிலைக்காரரும், பிளாஸ்மா இயற்பியல் பக்கமிருந்து வந்த ஸபுஸ்கியும் க்ருஸ்கலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே கருத்தை வந்தடைந்திருக்கிறார்கள்.

மாறாக, பொறியியலில் அன்றும் இன்றும் பலர் எளிதென்று கையாளும் ஒருபக்க வேறுபாட்டு முறையை அவர்கள் தேர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அலை வரும் பக்கத்துப் புள்ளியை மட்டும் வைத்துச் சரிவைக் கணக்கிடும் அந்த முறை, யாரும் கேட்காமலேயே சமன்பாட்டில் பாகுநிலையைச் சேர்த்துவிடும். 256 புள்ளிகள் வைத்தாலும், அந்தப் போலிப் பாகுநிலை சொலிடான்களை ஒரு சுற்று முடிவதற்குள் கரைத்துத் தட்டையாக்கும் அளவுக்குப் பெரிது. நெளிவே இல்லாத அழகான வரைபடம் வந்திருக்கும், கண்டுபிடிப்பு நிகழ்ந்திருக்காது. அதே கணினி, அதே சமன்பாடு, அதே தொடக்க நிலை. இந்த நிலையில் கண்டுபிடித்தது கணினி என்று எழுதுவது எப்படிப் பொருந்தும்?

கட்டுரையின் கடைசிப் பத்தியில், 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையும் ஒரு சொலிடானே என்று எழுதப்பட்டிருப்பதையும் திருத்த வேண்டியிருக்கிறது. வங்கக் கடலின் ஆழம் சுமார் 3,500 மீட்டர் என்று கொண்டால், அலை மணிக்கு 650 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்திருக்கிறது. நடுக்கடலில் அதன் உயரமோ மிகச் சிறிது. நிலநடுக்கத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் கழித்து அப்பகுதியைக் கடந்த ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்தது ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். ஆழத்தோடு ஒப்பிட்டால் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நேரியல் அல்லாத உறுப்பு இவ்வளவு மெலிந்திருக்கும்போது, அது அலையின் வடிவத்தைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றவே பூமியின் சுற்றளவை ஒத்த தொலைவு வேண்டும். நிலநடுக்கம் நிகழ்ந்த கடலடிப் பிளவிலிருந்து நம் கரை 2,000 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சொலிடான் உருவாக அங்கே அவகாசமே இல்லை.

ஆழ்கடலில் ஏறத்தாழ நேரியலாக நடந்துகொண்ட அதே அலை, கரையை நெருங்கி ஆழம் குறைந்ததும் குணம் மாறுகிறது. உயரம் கூடி, முன்பக்கம் செங்குத்தாகி, பல இடங்களில் நீர்ச்சுவராக உடைகிறது. ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கிவரும் நம் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் எங்கே நிலநடுக்கம் வந்தால் அலை எப்படி வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்து வைத்திருக்கும் காட்சிகளுக்கு அடிப்படை, ஆழமற்ற நீர்ச் சமன்பாடுகள் எனப்படும் வேறொரு தொகுதியே. உடையும் நீர்ச்சுவரைக் கணக்கிடும்போது அங்கே ஓரளவு பாகுநிலை வேண்டும்; 1959-இல் செர்கெய் கோதுனோவ் தொடங்கிவைத்த வழியில், அதைத் தேவையான இடத்தில் மட்டும், தேவையான அளவு மட்டும் புகுத்தும் சூத்திரங்கள் இன்று உள்ளன. சொலிடானைக் கெடுக்கும் ஒன்று, நீர்ச்சுவரைக் கணக்கிட இன்றியமையாததாகிறது. எந்த அலைக்கு எந்த முறை என்ற கேள்விக்குப் பொதுவான ஒரு விடை கிடையாது. அலைக்கணக்கை நன்றாக அறிந்தவர்கள் அப்படி ஒரு விடையைத் தேடுவதும் இல்லை.

1965-க்குப் பிறகு முறைகள் வெகுதூரம் வந்துவிட்டன. அதே ஆண்டில் கூலியும் டியூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியர் மாற்றம், அலையைப் புள்ளிகளாகப் பார்க்காமல் அதிர்வெண்களாகப் பார்த்துக் கணக்கிடுவதை மலிவாக்கியது. ஃபிரெட் டாப்பர்ட் வகுத்த பிளவுபடி முறையில், நேரியல் உறுப்பை மட்டும் ஒரு சிறு நேரத்துக்கும், நேரியல் அல்லாத உறுப்பை மட்டும் அடுத்த சிறு நேரத்துக்கும் மாறி மாறி இயக்குகிறார்கள். தனித்தனியே எடுத்தால் இரண்டையும் துல்லியமாகத் தீர்க்க முடியும் என்பதுதான் அதன் சூட்சுமம். ஒளியிழைகளில் சொலிடான்கள் ஓடும் என்று 1973-இல் ஹசேகாவாவும் டாப்பர்ட்டும் கணித்ததும், 1980-இல் பெல் ஆய்வகத்தில் மொலினாவரும் உடன் ஆய்வாளர்களும் அவற்றைச் சோதனையில் கண்டதும் தொலைத்தொடர்பு வரலாற்றின் பகுதிகள். மூன்றாம் வகைக்கெழு திணிக்கும் அந்தக் கொடுமையான கால அடி வரம்பையும், நேரியல் பகுதியை அடுக்குக்குறிச் சார்பால் துல்லியமாகக் கையாளும் முறைகளால் இப்போது பெருமளவு தவிர்க்க முடிகிறது.

தமிழ்நாட்டுக்கும் இத்துறையில் உண்மையான பங்கு உண்டு. கட்டுரையாளர் அதையும் சேர்த்திருக்கலாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மு. லட்சுமணன் வளர்த்தெடுத்த ஆய்வுக்குழு, சொலிடான் சமன்பாடுகளுக்குத் துல்லியமான தீர்வுகளைக் காண்பதில் உலகறிந்த குழு. இணைந்த இரு அலைகளின் சமன்பாட்டில், சொலிடான்கள் மோதும்போது தம் செறிவைத் தமக்குள் மாற்றிப் பங்கிட்டுக்கொள்ள முடியும் என்று ராதாகிருஷ்ணன், லட்சுமணன், ஹியட்டாரின்டா ஆகியோர் 1997-இல் காட்டினர். சொலிடான்கள் மோதினால் எதுவும் மாறாது என்ற கட்டுரையின் பொதுவிதிக்கு இது ஒரு திருத்தம். எண்ணியல் முறைகளைப் பயில்வோருக்கு இத்தகைய துல்லியத் தீர்வுகள் விலைமதிப்பற்றவை. ஒரு நிரல் சரியாக ஓடுகிறதா என்று உரசிப் பார்க்க அவற்றைவிட நம்பகமான அளவுகோல் கிடையாது.

இவ்வளவு இருந்தும், நம் கல்லூரிகள் பலவற்றில் எண்ணியல் முறைகள் என்ற பாடம், நியூட்டன்–ராஃப்சன், சிம்ப்சன், ரங்கே–குட்டா சூத்திரங்களைக் கையடக்கக் கணிப்பானில் போட்டு நான்கு தசம இடங்களுக்கு விடை எழுதுவதோடு நின்றுவிடுகிறது. கால அடியைப் பெரிதாக்கினால் கணக்கு ஏன் வெடிக்கிறது, புள்ளிகளை இரட்டித்தபோது விடை மாறாமல் இருந்ததா, மாறாத அளவுகள் மாறாமல் இருந்தனவா என்ற கேள்விகள் தேர்வுத்தாளில் அரிதாகவே வருகின்றன. அப்படிப் பயின்ற மாணவரே பின்னாளில் ஒரு மென்பொருள் தொகுப்பை ஓட்டி, வந்த வண்ணப்படத்தை அப்படியே அறிக்கையில் ஒட்டுகிறார்; அது செய்தியாகவும் வருகிறது.

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இக்கட்டுரை தங்கள் தொகுப்பு நூலிலோ இணையப் பதிப்பிலோ மீண்டும் வருமானால், மேரி சிங்குவின் பெயரும், ஆழிப்பேரலை பற்றிய திருத்தமும் அதில் இடம்பெற வேண்டும். அடுத்து, வெள்ளம், புயல், கடல் அலை எதுவாயினும், கணினி மாதிரி சொல்கிறது என்று தங்கள் செய்தியாளர்கள் எழுதும்போது, அந்தக் கணக்கில் எந்தச் சமன்பாடு, எவ்வளவு இடைவெளியுள்ள கட்டங்கள், இடைவெளியைக் குறைத்து மீண்டும் ஓட்டிப் பார்த்தார்களா என்ற மூன்றையும் ஆய்வாளரிடம் கேட்டு ஒரு வரியில் சேர்க்க வேண்டும். 1965-ஆம் ஆண்டின் அந்தக் கணக்கை இலவச மென்பொருளில் முப்பது, நாற்பது வரிகளில் எழுதிவிடலாம். தங்கள் மாணவர் பக்கத்துக்குத் தேவையென்றால், செய்முறை விளக்கத்தைத் தமிழில் எழுதி அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்,
கும்பகோணம்.